ஜீப் வராத தெரு

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களே,

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்ததே, பார்த்திருப்பீர்கள். "நம்ம செட்ல எல்லாரும் நல்லபடியா செட்டில் ஆயிட்டோம், ஆண்டவனுக்கு நன்றி" என்று. போட்டது நம் வகுப்புத் தலைவன். அன்றைக்கும் இப்படித்தான், வாயைத் திறந்தால் வகுப்பு முழுவதற்கும் சேர்த்தே பேசுவான். அறுபது தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை. கீழே வரிசையாகக் கும்பிடு, பூங்கொத்து, கேக். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "என்ன, கோவமா?" என்று தனியாகக் கேட்டிருந்தான். கோபம்தான். உன் மேல் இல்லையப்பா, அந்த 'எல்லாரும்' மேல். அதைப் பார்த்ததும் சிவப்புப் பென்சிலைத் தேடிக் கை போனது. ஏன் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

அந்த வருஷம்தான் நமக்குப் புதிதாகத் தமிழ் டீச்சர் வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கறுப்புக் குடை, கொண்டையில் ஒரு தடித்த பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அந்த மாதிரிப் பென்சில் இப்போது எந்தக் கடையிலும் இல்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாடத்தை ஒப்பித்தால் அவருக்குப் பிடிக்காது. "கிளிக்குச் சொன்னாலும் ஒப்பிக்கும். படிச்சதுல இருந்து பொதுவா ஒன்னு சொல்லத் தெரியணும். சொன்னது நிக்குமா விழுமான்னு பார்க்கவும் தெரியணும்" என்பார்.

வாரத்தில் இரண்டு நாள் வாசிப்பு வகுப்பு. கரும்பலகையில் ஒரு பத்தி எழுதுவார், நாம் அதைப் படித்து ஒரு பொது வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியத்தில் 'எல்லா', 'எப்போதும்', 'யாருமே' வந்தால் சிவப்புக் கோடு. 'சில', 'பல', 'பெரும்பாலும்' வந்தால் நீலக் கோடு. சிவப்பு வாக்கியத்துக்கு மூன்று சான்று காட்ட வேண்டும். அதற்கு எதிராக ஒரே ஒரு சான்று யாராவது காட்டிவிட்டால் வாக்கியம் செத்தது. டீச்சர் அப்படித்தான் சொல்வார், செத்தது என்று. உடனே வகுப்பு முழுக்க "செத்துச்சு, செத்துச்சு" என்று மேசையைத் தட்டுவோம். பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்து முறைப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் கற்றுக் கொடுத்தார். இன்றைக்கும் பேப்பரில் 'எல்லாப் பெண்களும்', 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம்' என்று கண்ணில் பட்டால் நான் நின்றுவிடுகிறேன். எத்தனை பேரைப் பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று மனசுக்குள் கேட்காமல் நகர்வதில்லை. அதெல்லாம் அவர் போட்ட பிச்சைதான். அதே டீச்சரை என்னால் இன்னும் மன்னிக்கவும் முடியவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

முதல் வகுப்பில் கரும்பலகையில் ஆடு, மாடு, மான் என்ன தின்னும் என்று ஒரு பத்தி. "கொம்பு இருக்கிற எந்த மிருகமும் அசைவம் சாப்பிடாது" என்று நான் எழுந்து சொன்னேன். எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு அதிகம், தெரியும்தானே. டீச்சர் 'எந்த' என்பதன் கீழே சிவப்புக் கோடு போட்டு, "யாருக்காவது எதிர்ச்சான்று இருக்கா?" என்றார். என் பக்கத்தில் இருந்தவள் கை தூக்கினாள்.

"எங்க வூட்டு மாடு கருவாட்டத் தின்னுச்சு டீச்சர். காயப் போட்டுருந்தோம், வந்து தின்னுட்டுப் போயிடுச்சு."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வாக்கியம் செத்தது. நான் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அவள்தான் என் பெஞ்சுக்காரி. உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. நாமெல்லாம் கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். ஒருவர் அப்பா திருநெல்வேலி, ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் மதுரை. எங்கிருந்து வந்தாலும் ஒரே அளவு வீடு, ஒரே மஞ்சள் சுவர், ஒரே மாதிரி கேட். அவள் கடைசி பிளாக்கையும் தாண்டி, முந்திரித் தோப்புக்கு அப்பால் இருந்த ஒரு குடியிருப்பிலிருந்து நடந்து வருவாள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்று வகுப்புக்கு நாலைந்து இடம் இருந்தது, அதில் ஒன்று அவளுக்கு. அவள் அப்பா கான்ட்ராக்ட் வேலை. மண் வெட்டுவது, வாய்க்கால் தோண்டுவது, கல் சுமப்பது. "எங்கப்பா அடுத்த வருசம் பெர்மனென்ட் ஆயிடுவாரு" என்று அவள் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை நாளில் காலில் செம்மண் முழங்கால் வரை அப்பியிருக்கும். பள்ளிக் குழாயில் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

ஆனால் வாசிப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குரல் அப்படி, நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்லை விழுங்காமல் படிப்பாள். எதிர்ச்சான்றிலும் அவள்தான் முதல். நாம் 'எல்லா வீட்டிலும்' என்போம், அவள் வீட்டில் அது இருக்காது. 'எல்லா அப்பாவும்' என்போம், அவள் அப்பா அப்படி இருக்க மாட்டார். "எல்லா அப்பாக்களும் சில வாரம் பகலில் தூங்குவார்கள்" என்று நம் தலைவன் சொன்னானே, நைட் ஷிப்டை நினைத்து. "எங்கப்பாவுக்கு ஷிப்டே கெடையாது" என்று அதையும் அவள்தான் கொன்றாள். அவள் கை மேலே போனாலே நாம் எழுதியதை இன்னொரு தரம் படித்துப் பார்ப்போம்.

இப்போது ஜீப்புக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். வேலைக்குப் போனவருக்கு ஏதாவது ஆனால் ஆபீஸ் ஜீப் வீட்டுக்கு வரும். போன் ஏது அப்போது? அப்பா வேலை செய்யும் செக்‌ஷனிலிருந்து ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பார், குவார்ட்டர்ஸ் எண்ணைப் படித்துக்கொண்டே ஜீப் மெதுவாக வரும். வேகமாகப் போகிற ஜீப்பைப் பற்றிக் கவலை இல்லை. மெதுவாக வருவதுதான் ஆபத்து. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தெருவில் உள்ள அம்மாக்கள் எல்லாம் ஈரக் கையோடு கேட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜீப் வீட்டைத் தாண்டியதும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். "போயிட்டு, நம்ம வீட்டத் தாண்டிப் போயிட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகுதான் எந்த வீட்டில் நின்றது என்று பார்க்கப் போவாள். திருநெல்வேலியிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தச் சத்தம் பழகவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த வாரம் டீச்சர் ஒரு புதுப் போட்டி வைத்தார். புத்தகப் பத்தி வேண்டாம், நீங்கள் வாழ்கிற இடத்தையே பாடமாகப் படித்து ஒரு பொது வாக்கியம் எழுதி வாருங்கள், நிற்கிற வாக்கியத்துக்கு இந்தப் பென்சில் பரிசு என்று கொண்டையிலிருந்து உருவிக் காட்டினார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தப் பென்சில் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

நான் எழுதிய வாக்கியம் இது: "வேலை செய்பவருக்கு ஏதாவது ஆனால் எப்போதும் வீட்டுக்கு ஜீப் வரும். ஜீப் வரவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை."

மூன்று சான்றும் கையில் வைத்திருந்தேன். எதிர் வீட்டு மாமாவுக்கு வேலையில் நெஞ்சு வலி வந்தது, ஜீப் வந்தது. முனை வீட்டுக்காரர் மழையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது, ஜீப் வந்தது. பின் தெருவில் ஒருவரைத் தேள் கொட்டியதற்குக்கூட வந்தது. டீச்சர் 'எப்போதும்' என்பதன் கீழே சிவப்புக் கோடு போட்டார். "சொந்தக் கண்ணால பார்த்து எழுதியிருக்கா. எதிர்ச்சான்று?" என்றார்.

நான் எதிர்பார்த்தது போலவே பெஞ்சுக்காரி எழுந்தாள்.

"எங்க தெருவுக்கு ஜீப்பே வராது டீச்சர்."

"இதுவரைக்கும் வந்ததே இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப உங்க தெருவுல யாருக்கும் ஒன்னும் ஆகலைன்னு அர்த்தம். நல்லதுதானே? அது எதிர்ச்சான்று ஆகாது. உட்காரு."

வகுப்பு சிரித்தது. "சாவல, சாவல" என்று நீங்கள்தான் மேசையைத் தட்டினீர்கள். அவள் உட்கார்ந்து, என் காதில் மட்டும் விழும்படி, "எதிர் வூட்டுச் சித்தப்பாவுக்கு வேலையில வெரலு ரெண்டு போச்சே. ஜீப்பு வரலையே. அவரே துணியச் சுத்திக்கினு நடந்து வந்தாரு" என்றாள்.

எனக்கு நன்றாகக் கேட்டது. அந்த ஒரு வரியை நான் எழுந்து சொல்லியிருந்தால் என் வாக்கியம் அங்கேயே செத்திருக்கும். டீச்சர் பென்சிலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

அவள் தெருவுக்கு ஜீப் வராததில் ஒரு சூட்சுமமும் இல்லை. நம் அப்பாக்கள் பெர்மனென்ட். அவர்கள் பெயர், குவார்ட்டர்ஸ் எண் எல்லாம் ஆபீஸில் இருக்கும், ஜீப் தேடி வந்துவிடும். கான்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டி வருபவன் வெளி ஆள், கான்ட்ராக்டர். அவர்கள் வீட்டுக்குச் சொல்ல வேண்டியவன் அவன். அவன் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரியாமல் போகலாம். டீச்சருக்குத் தெரியாதா? ஒரே தெருவிலிருந்து எடுத்த மூன்று சான்று மூன்றாகாது என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை? அவரும் குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தார், அவர் வீட்டுக்காரரும் பெர்மனென்ட். பார்த்த இடத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவருக்குப் பார்க்காத இடத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நம் வாசிப்பு வகுப்பைப் பார்க்க வருகிறார். டீச்சர் படபடப்பாகிவிட்டார். வேலைக்கு வந்த முதல் வருஷம், பாவம், அவர் பயம் அவருக்கு. என் வாக்கியத்தைப் பெரிய சார்ட்டில் அழகாக எழுதி, மூன்று சான்றையும் கீழே எழுதி, சுவரில் குண்டூசி குத்தி மாட்டினார். முதலில் பெஞ்சுக்காரி ஒரு பாடப் பத்தியை உரக்கப் படிக்க வேண்டும், பிறகு நான் சார்ட்டை விளக்க வேண்டும். நாலு நாள் ஒத்திகை நடந்தது.

அன்று காலையிலிருந்தே மழை. ஜன்னல் வழியே சாரல் அடித்து முதல் பெஞ்ச் நனைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. இன்டர்வெல்லில் பெஞ்சுக்காரி பள்ளி கேட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே கொய்யா விற்கும் அக்கா அவள் தெருக்காரி, தினமும் ஒரு துண்டு சும்மா கொடுப்பாள். நானும் துண்டுக்காகக் கூடவே போனேன். அந்த அக்கா கூடைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏ பொண்ணு, உன்னியத்தான் பாத்துக்கினு இருந்தேன். வடிகால் வேலையில மண்ணு சரிஞ்சிப் போச்சாம். நாலு ஆளு உள்ள மாட்டிக்கினாங்களாம், ஆசுபத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்களாம். உங்கப்பா அங்கதான வேல?"

"ஆமா."

"போயி ஒரு எட்டுப் பாத்துடு."

ஆஸ்பத்திரி நம் பள்ளி வாசலிலிருந்து இருபது நிமிஷ நடை. ஓடினால் பத்து நிமிஷம். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னாடி பண்றது?" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "ஜீப் வந்துச்சா உங்க வீட்டுக்கு? வந்திருந்தா உங்கம்மா இந்நேரம் இங்க வந்திருக்க மாட்டாங்களா? வரலைல்ல, அப்ப ஒன்னும் இல்ல. வேற யாராவது இருக்கும்."

அவளுடைய எதிர் வீட்டுச் சித்தப்பாவின் விரல்கள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. வந்தும் சொன்னேன். அவள் போய்விட்டால் இன்ஸ்பெக்டர் முன்னால் பத்தியை யார் படிப்பது? பத்தி இல்லாமல் என் சார்ட் எப்படி வரும்? பதினோரு வயசுப் பிள்ளையின் மனசு இவ்வளவு கேவலமாக இருக்குமா என்று கேட்காதீர்கள். என் மனசு அன்று அப்படித்தான் இருந்தது.

அவள் டீச்சரிடம் போனாள். டீச்சர் புடவை ஓரம் நனைய வராந்தாவில் நின்று இன்ஸ்பெக்டரின் காரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னா?"

"கொய்யாக்கா டீச்சர்."

"அவ பார்த்தாளா, கேள்விப்பட்டாளா?"

"கேள்விப்பட்டதுதான்."

"உங்கப்பா பேரைச் சொன்னாளா?"

"இல்ல டீச்சர்."

"இத்தனை நாளா என்ன சொல்லிக் குடுத்தேன்? ஒருத்தி கேள்விப்பட்டத வச்சுக்கிட்டு ஓடலாமா? இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும், நானே பியூனக் கூட அனுப்பறேன். மொகத்தக் கழுவிட்டு உட்காரு."

இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. மழையில் எங்கோ ரோடு அடைத்துக்கொண்டது என்றார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. கேட்டைப் பூட்டி யாரையும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். எலுமிச்சைச் சோறு. அதன் பிறகு அம்மா எத்தனையோ முறை எலுமிச்சைச் சோறு செய்தாள், எனக்கு இறங்கியதில்லை.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், களைத்த முகம். வகுப்பு ஆரம்பமானது. பெஞ்சுக்காரி எழுந்து பத்தியைப் படித்தாள். கொஞ்சமும் பிசகவில்லை. நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்லை விழுங்காமல் முழுவதும் படித்து முடித்தாள். இன்ஸ்பெக்டர் "வெரி குட்" என்றார். அப்புறம் நான் சார்ட் அருகே போய் என் வாக்கியத்தைச் சொன்னேன், மூன்று சான்றையும் சொன்னேன், எப்போதும் என்ற சொல்லுக்கு ஏன் சிவப்புக் கோடு என்று விளக்கினேன். வந்து உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம். டீச்சரைப் பார்த்து, "பிள்ளைங்க சொந்த வாழ்க்கையில இருந்தே எடுத்திருக்காங்க, நல்ல முறை" என்று சொல்லிவிட்டு, நம் பக்கம் திரும்பி, "சரி, இதுக்கு எதிரா ஏதாவது ஒரு சான்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் பெஞ்சுக்காரியின் கை மேலே போனது.

கெடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எதிர் வீட்டுச் சித்தப்பாவைச் சொல்லி என் வாக்கியத்தைக் கொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். டீச்சரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், அவர் முகம் வெளுத்தது. "அவ கேட்டதுக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாச்சு சார்" என்று அவசரமாகச் சொன்னார். அதே நேரம் நான் அவள் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நன்றாகவே இழுத்தேன். அவள் எதிர்க்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றேகால் மணிக்கு இன்ஸ்பெக்டர் கார் போனது. டீச்சர் பியூனைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவள் பையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடிவிட்டாள்.

அவள் அப்பா இரண்டரை மணிக்குப் போய்விட்டார்.

மீதியெல்லாம் மறுவாரம் கொய்யாக்கார அக்கா கேட்டருகே நின்று என் அம்மாவிடம் சொன்னது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மண்ணுக்குள்ளிருந்து எடுத்தபோது அவருக்கு நினைவு இருந்திருக்கிறது. கட்டிலில் கிடந்துகொண்டு, "எம் பொண்ணு இங்கதான் பக்கத்துல பள்ளிக்கூடத்துல படிக்குது, ஏழாவது, கூப்புட்டு விடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கான்ட்ராக்டருடைய மேஸ்திரி பக்கத்தில் நின்று, "சொல்லி அனுப்பிட்டோம், வந்துக்கினே இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். யாரையும் அனுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனும் நழுவிவிட்டான். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடந்தாராம். அவள் அம்மாவுக்குத் தகவல் போனதே சாயங்காலம்தான். அதுவும் மகள் ஓடிப் போய்ச் சொன்னது.

என் அம்மா அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "கான்ட்ராக்ட்டு ஆளுகளுக்கெல்லாம் விதி இப்படித்தான், என்னத்தச் செய்ய" என்றாள். 'எல்லாம்' என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. சிவப்புக் கோடு போட வேண்டிய சொல். நான் போடவில்லை. அன்று இரவு மட்டுமல்ல, அந்த வருஷம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை, நான்தான் போக வேண்டாம் என்றேன் என்று.

அவள் திரும்பிப் பள்ளிக்கு வரவில்லை. பையை ஒரு நாள் அவள் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனாள். டீச்சர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினார். வருகைப் பதிவில் கொஞ்ச நாள் அவள் பெயரைக் கூப்பிட்டார், பிறகு நிறுத்திவிட்டார். வாசிப்பு வகுப்பும் ஏனோ நின்றது. ஆனால் சார்ட் அங்கேயே இருந்தது. தை போய் மாசி வந்தது, குண்டூசியில் துரு ஏறி, காகிதத்தின் நாலு மூலையிலும் பழுப்பு வட்டம் விழுந்தது. ஜீப் வரவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று என் பெயரோடு அது தொங்கிக்கொண்டே இருந்தது. எடுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே, நீல முனையால், 'எங்கள் தெருவில் மட்டும்' என்று எழுதினேன். பெஞ்ச் ஆடியதால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. நம் தலைவன் பார்த்துவிட்டு, ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னான். ஆமாப்பா, நீதான். டீச்சர் வந்தார். சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுதியதை அவர் படித்தார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு முறை படித்தார். "சார்ட்டைப் பாழாக்கிட்ட" என்றார். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். மிச்ச பீரியட் முழுக்க என்னை வராந்தாவில் நிற்க வைத்தார். ஏன் எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் சுவரில் நாலு குண்டூசி ஓட்டை மட்டும் இருந்தது. பென்சிலை அதற்குப் பிறகு அவர் கொண்டையிலும் நான் பார்க்கவில்லை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். நம் குழுவில் அந்தச் செய்தி வந்த மூன்றாம் நாள் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம், என் மருமகள் வழியில். மண்டபத்தின் பின்பக்கம் தண்ணீர் கேட்கப் போனேன். சமையல்காரர்களோடு நாலைந்து பெண்கள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தலையைத் தூக்கி, "நீ அந்தச் செவப்புப் பென்சிலு பொண்ணுதான?" என்றாள்.

பெஞ்சுக்காரி என்று குரலை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. தலை முழுக்க நரைத்து, முன்பல் இரண்டு போய், விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. முந்திரி உடைத்த கை. பண்ருட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் பன்னிரண்டு வயசில் உட்கார்ந்தவள் நாற்பது வருஷம் உடைத்திருக்கிறாள். கண் மங்கிய பிறகு இப்படிக் கல்யாண வேலைக்கு வருகிறாளாம். படிப்பு ஏழாவதோடு சரி. நான் அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவை நனைந்தது.

"உங்கப்பா இருக்காராடி?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க. எண்பத்து மூணு வயசு. வீட்லதான்."

"உங்க வூட்டுக்கு ஜீப்பு வந்துதா எப்பனா?"

"வரவே இல்ல."

"நல்லதுதான" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். ஐம்பது வருஷமாக உள்ளே வைத்திருந்ததை அங்கேயே கொட்டினேன். உன் எதிர்ச்சான்றைச் சொல்லவிடாமல் நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன், நீ சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் அன்றைக்கே செத்திருக்கும், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் கத்திரிக்காயைக் கீழே வைத்தாள்.

"எந்த வாக்கியம்?" என்றாள். நான் ஜீப் வாக்கியத்தைச் சொன்னேன். அவளுக்கு அது லேசாகத்தான் நினைவு இருந்தது.

"அதுக்கா கையத் தூக்குனேன்? இல்லடி. ஒன்னுக்குப் போவணும்னு கேக்கத்தான் தூக்குனேன். பின்னாடி வேலி கிழிஞ்சிருக்கும்ல, அப்படியே பூந்து ஆசுபத்திரிக்கு ஓடிடலாம்னு. நீ இழுத்தியா, சரி, வாணான்றியேன்னு உக்காந்துட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்துக்கொண்டாள். அன்று அவள் கை தூக்கியபோது பள்ளியில் மணி இரண்டு இருபது இருக்கும். ஓடினால் பத்து நிமிஷம்.

அவளுக்கு ஸ்மார்ட் போன் இல்லை, அதனால் நம் குழுவில் சேர்க்க முடியாது. அவள் பெயரை உங்களில் ஒருவர்கூட இதுவரை கேட்கவும் இல்லை. தலைவா, நீ போட்ட அந்தச் செய்தி இன்னும் மேலே அப்படியே இருக்கிறது. நாற்பத்தோரு பேர் கும்பிட்டிருக்கிறீர்கள். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை நீயே எடுத்துவிடு. என் பென்சிலை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள்.